எங்க லைனுல மட்டும் சுத்துன வண்டி

ஏப்பா, மில்லுக் குடியிருப்பு மொத லைனுக் கூட்டாளிகளா. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவக, பல்லக் கழட்டித் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்கிறவக, எல்லாரும் செத்த நேரம் காதக் குடுங்க. காதாச்சும் மிச்சம் இருக்குல்ல? நா அஞ்சாப்ப மூணு வருசம் படிச்சவன். வாத்தியாரே சலிச்சுப்போயி நீ வெளிய போயிருப்பான்னு அனுப்பி வச்சாரு. அதனால நா சொல்லச் சொல்ல பேத்திதான் எழுதுது. தப்பு இருந்தா அவள ஏசுங்க, நல்லா இருந்தா அது நா சொன்னது.

இந்தா, ரெண்டு நாளா நம்ம தெருவுல ஒரு ஆட்டோ சுத்துதுல்ல, செத்துப்போன மந்திரி பேசுறாப்புல? அந்தக் கொரலக் கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. ஏன் எறங்கலன்னு சொல்லணும்னா மில்லு வேலநிறுத்தத்துலருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்கு அதுல பாதி தெரியும். மீதிப் பாதிய உங்கள்ட்டச் சொல்லாம நாப்பத்தஞ்சு வருசமா நா வாய்க்குள்ளயே வச்சிருக்கேன். வாய மூடத் தெரியாத பயன்னு என்னய ஊரே சொல்லுது. எனக்குச் சிரிப்பா வரும்.

மில்லு இப்பக் கருவேலங்காடாக் கெடக்கு. அப்ப அது ஊதுற சங்குலதான் பாதிக் காரைக்குடிக்கு மணி தெரியும். வேல முடிஞ்சு வர்றவக புருவம் பூராப் பஞ்சு ஒட்டியிருக்கும், காலையில எளந்தாரியாப் போயி சாயங்காலம் கெழவனாத் திரும்புறாப்புல. எங்கய்யா, அதான் என்னயப் பெத்தவக, வீட்டுக்குள்ள வந்தா மொதல்ல மிசின் எண்ண வாடதான் வரும். பெறகுதான் ஆளு வருவாக. ஆளுக்கு ஒரு பித்தள வில்ல, நம்பர் போட்டது, டைம் ஆபீசுப் பலகையில ஆணியில தொங்கும். உள்ள போகையில எடுத்துக்கணும், வெளிய வரையில மாட்டணும். ஆணியில வில்ல தொங்குனா வேல இருக்குன்னு அர்த்தம். வேற கடுதாசி, கத்திரிக்கா ஒண்ணும் கெடையாது.

சங்கத்து மாமாவும் நம்ம லைனுதான், கடேசி வீடு. எங்கய்யாவோட ஒரே மிசின்ல அறுந்த நூல முடிஞ்சவரு. எங்கய்யாவ மச்சான்னு கூப்புடுவாரு, அதனால எனக்கு மாமா. நூலு முடியிறதுல சுமாரு, பேச்சுல பயங்கரக் கெட்டி. சங்கத்த ஆரம்பிச்சது எங்கய்யாவும் நம்ம லைன்ல இன்னும் பதிமூணு பேரும். பதினாலு பேருக்கும் கோர்வையா நாலு வார்த்த பேச வராது. மேனேசர் முன்னாடி நின்னா எச்சி முழுங்குறதுக்கே நேரம் சரியா இருக்கும். அதனால பேசத் தெரிஞ்ச இவரச் செயலாளரா ஒக்கார வச்சாக. ஒக்கார வச்ச ஆளுக சும்மா இருப்பாகளா? நேத்து மேனேசர்ட்ட என்ன பேசுனீரு, எதுக்குச் சிரிச்சீருன்னு ஞாயித்துக்கெழமையானா நிக்க வச்சுக் கேப்பாக. அவரும் தலையக் குனிஞ்சு பதில் சொல்லுவாரு. குனிஞ்ச தலைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு நாம யாரு கண்டோம்.

அவரு கொரலுதான் பெரிய கூத்து. ஆளு ஆறடி, கொரலு சமஞ்ச புள்ள கொரலு. கீச்சுன்னு மேல ஏறும், ஏறி முடியிற எடத்துல 'ம்க்கும்'னு ஒரு கனைப்பு கனைப்பாரு. நேர்ல கேட்டாச் சிரிப்பு வரும். மைக்செட் வாடகைக்கு விடுற பாயோட தகரக் கொழா வழியாக் கேட்டா சிரிப்பு வராது. ஊசி மாதிரி வந்து காதுல குத்தி நிக்கும். எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு, தொண்ட ஒடையல. அந்தக் கீச்சு எனக்கு அச்சு அசலா வந்துச்சு. அவருகிட்ட இருந்த ஒரே கொறையத் தேடிப்புடிச்சு நாங் கத்துக்கிட்டேன். படிப்பத் தவர மத்ததெல்லாம் எனக்குச் சீக்கிரம் ஏறும்.

வேலநிறுத்தம் பங்குனியில ஆரம்பிச்சுச்சு. மொத வாரம் திருவிழா மாதிரி. மில்லு வாசல்ல கஞ்சித்தொட்டி தெறந்தாக. வேப்பமரத்தடியில அண்டா, அண்டாவச் சுத்தி வரிச. ரெண்டாவது வாரம் கஞ்சி தண்ணியாச்சு. மூணாவது வாரம் அண்டாவுக்குள்ள எட்டிப் பாத்தா நம்ம மூஞ்சி தெரிஞ்சுச்சு. எம்மூஞ்சிய அன்னைக்குத்தான் மொத மொதல்ல முழுசாப் பாத்தேன், பசியே போயிருச்சு. வரிசையில யாரும் பேசிக்கிற மாட்டாக. சங்கு ஊதாத ஊரு ரொம்ப அமைதியா இருந்துச்சு, காக்கா ரெக்க அடிக்கிற சத்தங்கூடக் கேட்டுச்சு. ஆத்தா சட்டிய வச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கும்.

அந்த அமைதி எனக்கு ஆகல. ஒரு நாளு அண்டா மூடியத் தூக்கி வாய்க்கு முன்னால புடிச்சுக்கிட்டு, "தோழர்களே, இந்தக் கஞ்சியில ஒரு பருக்க இருக்கு. அதக் கண்டுபுடிக்கிறவருக்குச் சங்கம் மால போடும். ம்க்கும்"னு அவரு கொரல்ல எடுத்து விட்டேன். வரிசையே குலுங்கிச் சிரிச்சுச்சு. எங்கய்யாகூடச் சிரிச்சாக. பொசுக்குன்னு சிரிப்பு நின்னுச்சு. திரும்பிப் பாத்தா மாமா. தேங்காப்பூத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்குப் பின்னாடி நிக்கிறாரு. எனக்கு அங்கனயே டவுசர் நனைஞ்சு போச்சு. கஞ்சி சிந்திருச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அடிப்பாருன்னு பாத்தேன், அடிக்கல. கையப் புடிச்சு மரத்துக்கு அங்குட்டுக் கூட்டிட்டுப் போனாரு.

"இன்னொருக்கச் சொல்லு மாப்ளே."

சொன்னேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாரு. சந்தையில ஆட்ட வாங்குறவன் முதுகத் தடவிப் பாப்பான் பாருங்க, அந்த மாதிரி ஒரு மூஞ்சி. சிரிக்கல, கோவப்படல. "நல்லா வருது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கி எனக்குப் பெருமை தாங்கல. அந்த மூஞ்சிய இப்ப நெனச்சா முதுகுல தண்ணி ஊத்துனாப்புல இருக்கு.

நாலாவது வாரம் மில்லுக்காரக ஒரு தாள் அடிச்சுக் கொண்டுவந்தாக. இனிமே ஒழுங்கா வேல பாப்பேன், தகராறு பண்ண மாட்டேன்னு அதுல இருக்கும். வியாழக்கெழம அஞ்சு மணிச் சங்குக்குள்ள டைம் ஆபீசுக்கு வந்து அதுல கையெழுத்துப் போட்டவனுக்கு வில்ல உண்டு. போடாதவன் தானா வேலய விட்டுட்டதா எடுத்துக்குவாகளாம். போடலாமா வேணாமான்னு மூணு லைன்லயும் ஒரே பேச்சு. சங்கம் என்ன சொல்லுதோ அதத்தான் செய்யணும்னு எங்கய்யா சொல்லிட்டாக. சங்கம்னா மாமா வாய்.

வியாழக்கெழம வெள்ளன மாமா எங்க வீட்டுக்குக் கொல்லப்பக்கமா வந்தாரு. என்னயத் தனியாக் கூப்புட்டாரு.

"நா டவுனுக்குள்ள செக்காலைக் கூட்டத்துல பேசப் போகணும்டா மாப்ளே. இங்க நம்ம லைனுலயும் நாந்தான் பேசணும். ஒரு ஆளு ரெண்டு எடத்துல நிக்க முடியுமா? இன்னைக்கி ஒரு பொழுது நீதான் நானு. யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது, ஒங்கய்யாட்டயும்தான்."

என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்தாரு. யாரும் கையெழுத்துப் போடாதீக, நா உங்க கூடத்தான் இருக்கேன், அம்புட்டுத்தான். நா தலையாட்டுன வேகத்துல கழுத்து சுளுக்கியிருக்கும். என்னய நம்பி ஒரு குடம் தண்ணி எடுக்கக்கூட யாரும் விட்டதில்ல. இப்ப ஒரு மில்லே எந்தொண்டையில தொங்குதுன்னா சும்மாவா.

குதிர வண்டி, ரெண்டு பக்கமும் சாக்குப் படுதா. உள்ள நானும் மைக்செட் பாயும், நடுவுல பேட்டரி. புல்லு வாட, குதிர மூத்திர வாட, பேட்டரித் திராவகம் மூக்க அறுக்குது. மாமாவுக்கு வெயிலு ஒத்துக்கலன்னு படுதா போட்டிருக்குன்னு வண்டிக்காரரு வெளிய சொல்லிக்கிட்டே வந்தாரு. நா ஆரம்பிச்சேன். கொழா வழியா அந்தச் சத்தம் வெளிய போனதும் எனக்கே ஒடம்பு சிலிர்த்துச்சு. நானே என்னய மாமான்னு கும்புட்டிருப்பேன்.

பாய் மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. கொஞ்ச நேரங் கழிச்சு, "ஏன் தம்பி, உங்க மாமா செக்காலையில எதுல பேசுறாரு? இந்தப் பக்கத்துக்கே மைக்கு எங்கிட்ட மட்டுந்தானே இருக்கு"ன்னாரு. எனக்கு அது மண்டையில ஏறல. நாந்தான் சொன்னேனே, அஞ்சாப்பு மூணு வருசம்.

மூணு சுத்துல எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. பாயோட மச்சான் சவுதியிலருந்து கொண்டாந்த டேப்ரிக்கார்டரு ஒண்ணு வண்டியில கெடந்துச்சு. ஒருக்கப் பேசிக் குடு, அதையே போட்டுக்கலாம்னாரு. பேசுனேன். பேசுறப்ப நாக்கு சும்மா இருக்கல. மாமா சொல்லிக் குடுக்காத ஒரு வரிய நானாச் சேத்துக்கிட்டேன். "எந்தொண்டக்குழியில சத்தம் இருக்குற வரைக்கும் ஒருத்தரக்கூட வெளிய போக விட மாட்டேன். ம்க்கும்." எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. ஆத்தா ராத்திரி அழுதத மனசுல வச்சிருந்தேன் போல. பாய் கேசட்டத் திருப்பித் திருப்பிப் போட்டாரு, நா வாய மூடிக்கிட்டு எங்கொரலக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

ஆறாவது சுத்தோ ஏழாவது சுத்தோ, ரெண்டாவது லைனுக்குப் போகச் சொல்லுங்கன்னு கேட்டேன். அங்க எங்கூட்டாளி இருந்தான், அவனும் கேக்கணும்னு ஆச. வண்டிக்காரரு திரும்பாமலே சொன்னாரு, "எனக்குச் சொன்னது இந்தத் தெரு மட்டுந்தான் அப்பு."

அப்பத்தான் எங்க வீட்டத் தாண்டுனோம். படுதா ஓரமாப் பாத்தேன். எங்கய்யா சட்ட மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாக. எங்கய்யா சட்ட போடுறதே கல்யாணத்துக்கும் ஆபீசுக்குந்தான். கையெழுத்துப் போடக் கெளம்பிட்டாக போலருக்கு. பின்னாடி மத்தவகளும் சட்டையோட நிக்கிறாக. வண்டி பக்கத்துல வந்ததும் எங்கய்யா படுதாவையே பாத்தாக. என்னயவே பாக்குறாப்புல இருந்துச்சு. கேசட்டு அந்த வரியப் பாடுது. ஒருத்தரக்கூட வெளிய போக விட மாட்டேன். எங்கய்யா மெதுவாச் சட்டையக் கழட்டுனாக. ரெண்டா மடிச்சு, உள்ள போயி ஆணியில மாட்டுனாக. அவக கழட்டுனதப் பாத்து மத்த பதிமூணு பேரும் கழட்டுனாக. பாத்தீகளா, நாம் பேசுனா ஊரே கேக்குதுன்னு நா உள்ள ஒக்காந்து பூரிச்சுப்போனேன்.

அஞ்சு மணிக்குச் சங்கு ஊதுச்சு. நாலு வாரங் கழிச்சு ஊதுன சங்கு. சந்தோசமா இருந்திருக்கணும், ஆனா தெருவுல ஒரு நாயி ஒரே பக்கமா மூஞ்சியத் தூக்கி ஊளையிட்டுச்சு. கொஞ்ச நேரத்துல ரெண்டாவது லைனு ஆளுக, மூணாவது லைனு ஆளுக, மில்லுப் பக்கம் இருந்து செவத்த ஒட்டி நடந்து வந்தாக. நம்ம தெருவக் கடக்கையில யாரும் தலையத் தூக்கல. எல்லாரும் சட்ட போட்டிருந்தாக. அவகளுக்கு மதியமே மாமா ஆள் விட்டுக் காதோட காதாச் சொல்லியிருக்காரு, சங்கம் சம்மதிச்சிருச்சு, போயிக் கையெழுத்துப் போடுங்கன்னு. நம்ம தெருவுக்கு மட்டும் வண்டி.

மாமா செக்காலைக்குப் போகவே இல்ல. காலையிலருந்து கொத்தமங்கலத்துல மொதலாளி வீட்டு முன்கட்டுல இருந்திருக்காரு. மத்தியானம் பந்தியில எல போட்டுச் சாப்புட்டாருன்னு மறுநாளு வண்டிக்காரருதான் சொன்னாரு, வெள்ளன அங்க கொண்டுபோயி விட்டதும் சாயங்காலம் கூட்டியாந்ததும் அவருதான. கேள்வி கேக்குற பதினாலு பேரு இல்லாத மில்லு மொதலாளிக்கு வேணும். கேள்வி கேக்குற பதினாலு பேரு இல்லாத சங்கம் மாமாவுக்கு வேணும். ரெண்டு பேருக்கும் வேண்டியதச் செஞ்சு குடுத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

வெள்ளிக்கெழம எங்கய்யா டைம் ஆபீசுக்குப் போனாக, நானும் பின்னாடியே போனேன். பலகையில பதினாலு ஆணி மொட்டையா இருந்துச்சு. எங்கய்யா அவக ஆணிய வெரலால ஒரு தடவ தொட்டுப் பாத்தாக.

அதுக்குப் பெறகு நடந்தது ஊருக்கே தெரியும். அடுத்த தேர்தல்ல மாமாவுக்கு சீட்டு. சைக்கிள்ல போனவரு மொதலாளி கார்ல ஓட்டுக் கேட்டாரு. மைக்செட் பாய்ட்ட இருந்து அந்தக் கேசட்ட வாங்கிக்கிட்டாரு. வீரத் தலைவரு வேலநிறுத்தத்துல பேசுன பேச்சுன்னு ஊரு ஊரா அதத்தான் போட்டாக. கூட்டம் ஆரம்பிக்கு முன்னாடி எங்கீச்சு, பெறகு அவரு கீச்சு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. கட்சி மாறுனாரு, கேசட்டு மாறல. அஞ்சு தடவ எம்மெல்லே, ரெண்டு தடவ மந்திரி. அதுல பாதித் தொண்ட என்னோடது. எனக்கு ஒரு தொண்ட மாத்திர வாங்கிக் குடுத்தாகளா? மில்லுக்குப் பூட்டு போட்ட அன்னைக்கி மந்திரி யாருங்கிறீக? அவருதான். பூட்டுன கேட்டுக்கு முன்னால நின்னு, தொழிலாளி கண்ணீரு என் கண்ணீருன்னு பேசுனாரு. பூட்டு புதுசு, பளபளன்னு இருந்துச்சு.

எங்கய்யா பிள்ளையார்பட்டியில கோயில் வாசல்ல செருப்புப் பாத்துக்குற வேலைக்குப் போனாக. செருப்ப வாங்கி வச்சுக்கிட்டு அட்டை டோக்கன் குடுக்கணும். பித்தள போயி அட்ட வந்துச்சு. ஒரு தடவ மந்திரியாச் சாமி கும்புட வந்தாரு. கூட வந்தவக அவரு செருப்பக் கழட்டிக் கொண்டாந்து வச்சாக. மாமா எங்கய்யாவப் பாத்துட்டாரு. "நல்லா இருக்கீகளா மச்சான்?"னாரு. எங்கய்யா, "இருக்கேன் மச்சான்"னு சொல்லி டோக்கன நீட்டுனாக. மந்திரி கையில டோக்கன் குடுக்கலாமான்னு ஒரு போலீசுக்காரரு பதறுனாரு. மாமா வாங்கிக்கிட்டாரு. திரும்பி வரையில டோக்கனத் தொலச்சுட்டாரு. டோக்கன் இல்லாமச் செருப்பு தர முடியாதுன்னு எங்கய்யா சொல்லிட்டாக. மந்திரி வெறுங்காலோட காருக்கு நடந்து போனாரு. எங்கய்யா அவருக்கு எதிரா வாழ்நாள்ல செஞ்சது அம்புட்டுத்தான். ஆனா எல்லாத் தேர்தல்லயும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாக. மில்லுக்காரக மாமாவ ஏமாத்திட்டாகன்னுதான் கடேசி வரைக்கும் சொன்னாக.

படுதாவுக்குப் பின்னாடி இருந்தது நாந்தான்னு சொல்ல எத்தனையோ தடவ வாயத் தொறந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சோக்குதான் வெளிய வந்துச்சு. எங்கய்யா செத்த பதினாறாம் நாளு, சடங்கெல்லாம் முடிஞ்சு பந்தக்காலப் புடுங்கிக்கிட்டு இருந்தாக. நா ஆத்தா பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆத்தா அழும், ஏசும்னு நெனச்சேன். அது வெத்தலையக் கிள்ளிக்கிட்டே சொல்லுச்சு.

"ஒங்கய்யாவுக்கு மொதச் சுத்துலயே தெரியும்டா. பெத்த புள்ள கொரலு தெரியாதா? சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட வந்து சொன்னாக. உள்ள இருக்கிறது நம்ம பய, மச்சான் கொரல்லயே பேசுறான் பாருன்னு. நா பயந்தேன். அப்பிடின்னா எதுக்கும் கையெழுத்தப் போட்டுட்டு வந்துருங்கன்னு சட்டைய எடுத்துக் குடுத்தேன். போட்டாக. திரும்ப வண்டி வந்துச்சு. கழட்டிட்டாக."

"ஏன் ஆத்தா?"

"மச்சான் எம்புள்ள வாயால சொல்லச் சொல்லியிருக்காருன்னா அது எனக்குக் கெடுதலா இருக்காதுன்னாக. எந்த மனுசன்டா ஒருத்தன் புள்ளைய வச்சே அவன் கழுத்த அறுப்பான்னு கேட்டாக."

ஆத்தா வெத்தலைய மடிச்சு வாய்க்குள்ள வச்சுச்சு. அன்னைக்கி எனக்கு ஒரு சோக்கும் வரல. என்னயப் பேசாம இருக்க வச்ச ஒரே ஆளு எங்காத்தாதான்.

இப்ப வாரேன், இந்த ஆட்டோவுக்கு. மாமா செத்து ரெண்டு வருசமாச்சு, இந்தத் தேர்தல்ல அவரு மகன் நிக்கிறாரு. பழைய கேசட்ட வச்சு கம்ப்யூட்டர்ல அப்பாவோட கொரலையே செஞ்சிருக்காகளாம். வேணுங்கிறதப் பேச வைக்கலாமாம். ஆட்டோ வந்ததும் பேரப்புள்ளைக எல்லாம் மந்திரித் தாத்தா பேசுறாருன்னு ஓடுதுக. நா வாசல்ல ஒக்காந்து கேட்டேன். அது மந்திரி இல்ல. பன்னெண்டு வயசுப் பய. 'ம்க்கும்'ல கொஞ்சம் எச்சி மாட்டும் பாருங்க, அது எனக்கு மட்டும் மாட்டுறது.

அது என்ன பேசுதுன்னு கேட்டீகளா? மில்லு எடத்த வாங்குன ஓட்டல் கம்பெனி செவத்துல நோட்டீசு ஒட்டியிருக்கு. லைன்ல எடம் மில்லோடது, வீடு நாம கட்டுனது. அதனால குடியிருக்கிறவக வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டுப் பேரப் பதியணும், பதிஞ்சவகளுக்குத்தான் மாத்து வீடுன்னு போட்டிருக்கு. ஆட்டோவுல எங்கொரலு சொல்லுது, யாரும் கையெழுத்துப் போடாதீக, எம்மகன் பாத்துக்குவான், ஒருத்தரக்கூட வெளிய போக விட மாட்டேன்.

நேத்துக் காலையில முட்டிய இழுத்துக்கிட்டு ரெண்டாவது லைனுக்குப் போனேன், மூணாவது லைனுக்கும் போனேன். ஆட்டோ வந்துச்சான்னு கேட்டேன். வரலையாம். செவத்த ஒட்டி ரெண்டு பேரு கம்பெனி ஆபீசுப் பக்கம் இருந்து வந்தாக. என்னயப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டாக.

திரும்பி ஓடி வந்தேன். ஓடி வந்தேங்கிறது சும்மா, ஆடி அசஞ்சு வந்தேன். ஆட்டோவ மறிச்சு நின்னு, பழைய கொரல இழுத்துப் புடிச்சுக் கத்துனேன்.

"தோழர்களே, எல்லாரும் போயிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே போடுங்க. ம்க்கும்."

தெருவே சிரிச்சுச்சு. பயலுக செல்லுல படம் புடிச்சானுக. ஒருத்தன் வந்து தோளத் தட்டுனான். "தாத்தா, நல்லாத்தான் மிமிக்ரி பண்றீக. ஆனா ஒரிசினலு மாதிரி வரல." கொழாயில ஒரிசினலு பேசிக்கிட்டே என்னயத் தாண்டிப் போச்சு. எதுத்த வீட்டு மாப்ள கம்பெனி ஆபீசுக்குப் போகச் சட்ட போட்டு நின்னாரு. ஆட்டோ போனதும் பித்தான ஒவ்வொண்ணாக் கழட்டுனாரு.

இன்னைக்கி வியாழக்கெழம. நா சோக்கடிக்கிறவந்தான், ஒத்துக்கிறேன். இந்த ஒரு தடவ மட்டும் சிரிக்காம, அந்தச் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டுக் கெளம்புங்கய்யா.